ஒரு புசல் நெல்லுக்கு ஒன்பது லீற்றர் டீசல்

கொழும்பில் இருந்துகொண்டு ஊரில் நெல் வெட்டு மெசின் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். லீசிங் பத்திரம் இங்கே கையெழுத்தாகும், மெசின் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ ஓடும், உடைந்த சாமானுக்கு மாற்று பஞ்சிகாவத்தையில் வாங்கி இரவு பஸ்ஸில் ஏற்றப்படும். வாங்கப் போகும்போது பெரும்பாலும் மூன்று கேள்விதான் கேட்கப்படும்: எத்தனை குதிரைவலு, எத்தனை அடி வெட்டும், மணித்தியாலத்துக்கு எவ்வளவு டீசல் குடிக்கும். மூன்றும் தேவையான கேள்விகள். ஆனால் வைக்கோலோடு எவ்வளவு நெல் வெளியே போகும் என்ற நாலாவது கேள்வியைக் கேட்காவிட்டால், முதல் மூன்றுக்கும் கிடைக்கும் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

விலையை விலையோடு வைத்துப் பார்ப்போம். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த உத்தரவாத விலை நாடு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132. ஒரு புசல் ஏறத்தாழ 21 கிலோ. ஏக்கருக்கு 100 புசல் கண்ட வயல் என்றால் 2,100 கிலோ. அதில் நூற்றுக்கு ஒன்று சிந்தினால் ஒரு புசல், நாடு நெல் விலையில் 2,520 ரூபா. டீசலை 2025 விலையில் லீற்றர் 280 ரூபா என்று வட்டமாக வைத்தால் அந்தக் காசுக்கு 9 லீற்றர் வரும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட 70 குதிரைவலு மெசின் ஒன்று நல்ல வயலில் ஓர் ஏக்கரை வெட்டி முடிக்க 7, 8 லீற்றர் போதும். ஆக, நூற்றுக்கு ஒன்று கூடச் சிந்துவது அந்த ஏக்கருக்கு ஊற்றிய டீசல் முழுவதையும் வாய்க்காலில் கொட்டுவதற்குச் சமம். இந்த ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டால் அளவு, வேகம், எரிபொருள் மூன்றையும் நிதானமாகப் பேசலாம்.

ஒரு ஏக்கர் வெட்ட உண்மையில் எவ்வளவு நேரம் போகிறது? 40 மீற்றர் அகலம், 100 மீற்றர் நீளமான வயலை எடுத்துக்கொள்வோம். 70 குதிரைவலு வகுப்பில் வெட்டு அகலம் ஏறத்தாழ 2 மீற்றர். வெட்டிய விளிம்பில் கொஞ்சம் மேவித்தான் ஓட்ட வேண்டும் என்பதால் கைக்கு வருவது 1.8 மீற்றர். ஆக 22 ஓட்டம், 2.2 கிலோமீற்றர். மணிக்கு 4 கிலோமீற்றரில் போனால் வெட்டுக்கு 33 நிமிடம். ஒவ்வொரு முனையிலும் திரும்ப 25 செக்கன் என்றால் மொத்தம் 9 நிமிடம். நெல் டாங்கில் 800 கிலோ கொள்ளும் என்று வைத்தால் மூன்று தடவை கொட்ட வேண்டும், போய் வர நாலு நாலு நிமிடமாக 12 நிமிடம். எல்லாம் சேர்த்து 54 நிமிடம். அதில் கத்தி பயிரில் பட்டது 33 நிமிடம் மட்டும், நூற்றுக்கு அறுபத்தொன்று.

இப்போது ட்ரைவர் வேகத்தை 5 கிலோமீற்றருக்கு ஏற்றுகிறார். வேகம் நூற்றுக்கு 25 கூடிவிட்டது. ஆனால் திரும்பும் நேரமும் கொட்டும் நேரமும் அப்படியே நிற்கின்றன. வெட்டும் நேரம் மட்டும் 33 இலிருந்து 26 ஆகிறது, மொத்தம் 54 இலிருந்து 47. மிச்சம் ஏழு நிமிடம், நூற்றுக்கு 12 அளவுதான்.

டீசலில் எவ்வளவு மிச்சம்? உருளை, சல்லடை, காற்றாடி எல்லாம் சுற்ற, பயிர் இல்லாமல் முழு வேகத்தில் நின்றாலே மெசின் மணித்தியாலத்துக்கு 4 லீற்றர் அளவு எரிக்கும் என்று கணக்குக்காக வைப்போம். 54 நிமிடத்துக்கு அது 3.6 லீற்றர். ஏக்கருக்குப் போகும் ஏழு சொச்சம் லீற்றரில் பாதி இப்படி வெறுமனே சுற்றுவதற்கே போகிறது. மற்றப் பாதி வெட்டி, சூடடித்து, மெசினை நகர்த்துவதற்கு. வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் ஏக்கருக்குள் நிற்கும் பயிர் அதேதான் என்பதால் இந்தப் பாதி பெரிதாக மாறாது. ஏழு நிமிடம் மிச்சம் என்றால் வெறும் சுற்றலில் அரை லீற்றருக்கும் குறைவு, 130 ரூபா அளவு. அந்த 130 ரூபாவுக்காகச் சிந்தல் நூற்றுக்கு அரை கூடினால் போவது 1,260 ரூபா.

கூடத்தான் செய்யும். வேகம் கூடினால் ஒரு நிமிடத்தில் உள்ளே வரும் வைக்கோல் கூடுகிறது. சூடடிக்கும் உருளைக்குள் வைக்கோல் படுக்கை தடிக்கிறது. உதிர்ந்த மணி அந்தப் படுக்கையை ஊடறுத்துச் சல்லடைக்கு இறங்க நேரம் கிடைக்காமல் வைக்கோலோடு பின்னால் போய்விடுகிறது. இது வேகத்துக்கு ஏற்றாற்போல் மெல்ல மெல்லக் கூடும் ஒன்று என்று எண்ண வேண்டாம். ஒரு கட்டம் வரை சிந்தல் தெரியாது, மெசினின் கொள்ளளவைத் தாண்டிய பிறகு செங்குத்தாக ஏறும். அந்தக் கட்டம் ஒவ்வொரு வயலிலும் வேறு. காய்ந்து நேராக நிற்கும் மூன்றரை மாத நெல்லில் அது 4.5 கிலோமீற்றராக இருக்கலாம், சாய்ந்து ஈரம் பிடித்து நிற்கும் வயலில் 2 ஆக இருக்கலாம். “தம்பி, கொஞ்சம் ஆறுதலா விடு” என்று வரம்பில் நின்று சொல்லும் வயல்காரருக்கு இந்தக் கணக்கு எழுதத் தெரியாமல் இருக்கலாம், வைக்கோலைக் கையில் அள்ளிப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் வேறு. அதே ஏக்கர் 20 க்கு 50 மீற்றரில் நாலு துண்டாக இருந்தால் ஓட்டத்தின் நீளம் அதே 2.2 கிலோமீற்றர், ஆனால் திரும்புவது 44 தடவை, 18 நிமிடம். வரம்பு தாண்டி அடுத்த துண்டுக்குப் போக மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் 3 நிமிடம். மொத்தம் 72 நிமிடம். வயலின் வடிவம் தின்றது 18 நிமிடம், வேகத்தைக் கூட்டிப் பிடித்தது ஏழு. பெரும்போகத்துக்கு முன்பே பக்கத்துத் துண்டு இரண்டுக்கு நடுவிலுள்ள வரம்பை எடுக்க இரண்டு காணிக்காரரும் உடன்பட்டால், அல்லது வரம்பு தாண்டும் இடத்தை மண் போட்டுச் சரிவாக்கி வைத்தால், அது எந்த மெசினிலும் வாங்க முடியாத மிச்சம்.

நெல் கொட்டும் இடமும் அப்படித்தான். மேலே சொன்ன விளைச்சலில் 100 மீற்றர் ஓட்டம் ஒன்றுக்கு ஏறத்தாழ 93 கிலோ டாங்குக்கு வரும். எட்டு ஓட்டத்தில் 750 கிலோவை நெருங்கிவிடும், ஒன்பதாவதின் பாதியில் டாங்க் நிறைந்துவிடும். நெல் ஏற்றும் ட்ரக்டர் பெட்டியை ஒரு முனையில் நிறுத்திவிட்டு, நிறையும்வரை பார்த்துக்கொண்டிராமல் எட்டாவது ஓட்டம் முடிந்ததும் கொட்டினால் மெசின் பெட்டிப் பக்கத்திலேயே நிற்கும். ஒன்பதாவது ஓட்டத்துக்குப் போய் நடுவயலில் நிறைந்தால், நிறைந்த பாரத்தோடு வெறுமனே நடந்து வந்து மறுபடி அதே இடத்துக்குப் போக வேண்டும். இரட்டை எண்ணில் கொட்டுவது என்று ஒரு பழக்கம் வைத்தால் போதும். வயலின் நீளம் மாறினால் கணக்கு மாறும், முதல் டாங்கை வைத்து எத்தனை ஓட்டம் என்று பார்த்துக்கொள்ளலாம்.

பெரிய மெசின் வாங்கினால் என்ன? 14 அடி வெட்டும் டயர் மெசின்கள் ஓட்ட எண்ணிக்கையைப் பாதியாக இறக்கும். 40 க்கு 100 வயலில் 11 ஓட்டம். மணிக்கு 3 கிலோமீற்றரில் போனாலும் வெட்டு 22 நிமிடம், திரும்பல் ஒன்றுக்கு 40 செக்கன் வைத்தால் 7 நிமிடம், கொட்டல் இரண்டு தடவை 8 நிமிடம், மொத்தம் 37. இங்கே அது வெல்கிறது. நாலு துண்டு வயலுக்கு வாருங்கள்: 24 ஓட்டம், வெட்டுக்கு 24 நிமிடம், திரும்ப 16, துண்டு மாற ஆறு ஆறாக 18, கொட்ட 8. மொத்தம் 66 நிமிடம். சின்ன மெசினை விட ஆறு நிமிடம்தான் குறைவு. ஆனால் பெரிய எஞ்சின் வெறுமனே சுற்றவே மணித்தியாலத்துக்கு 7 லீற்றர் எரிக்கும் என்று வைத்தால், ஏக்கருக்கு 11 லீற்றரைத் தாண்டிவிடும். சின்னது அதே வயலில் எட்டரையில் முடிக்கும். மூலை முடுக்கில் வெட்டாமல் விட்டதை அரிவாளால் வெட்டும் கூலி தனி.

நிலமும் இதில் பேச வேண்டும். 3.4 தொன் நிறையுள்ள ட்ராக் மெசினின் இரண்டு றப்பர் பட்டிகளும் அரை மீற்றர் அகலம், நிலத்தில் படும் நீளம் 1.7 மீற்றர் என்று எடுத்தால் மொத்தப் பரப்பு 1.7 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 2 தொன். டாங்கில் 800 கிலோ நெல் ஏறினால் இரண்டரை. டயர் மெசின் எட்டு தொன்னைத் தாண்டும், அதன் பாரத்தில் பெரும்பங்கு முன் டயர் இரண்டிலும் இறங்கும். மண் ஈரமாக இருந்தால் அது உழவுமண்ணுக்குக் கீழே தண்ணீரைத் தாங்கி நிற்கும் இறுகிய படையை உடைத்துக்கொண்டு போகும். அந்தப் பள்ளத்தை நிரவ அடுத்த போகத்தில் ட்ரக்டர் எரிக்கும் டீசலும், அந்த இடத்தில் நிற்காமல் இறங்கும் தண்ணீரும் வெட்டுக் கணக்கில் வராது, ஆனால் காணிக்காரரின் கணக்கில் வரும். காய்ந்த பெரிய வயல், நல்ல றோட்டு, ஒரே இடத்தில் ஐம்பது அறுபது ஏக்கர் என்றால் டயர் மெசினுக்கு நியாயம் உண்டு. தை மாத மழை விடாத வடக்கு கிழக்கு வயலுக்கு 70 குதிரைவலு ட்ராக் மெசினைத்தான் நான் சொல்வேன். 100 குதிரைவலு ட்ராக் மெசின் வெட்டு அகலத்தில் கொஞ்சம்தான் கூட. அதன் கூடுதல் வலு பயன்படுவது சாய்ந்த, தடித்த, ஈரப் பயிரில். வருடம் முழுவதும் அப்படிப்பட்ட வயலில் ஓடாது என்றால் கூடுதல் லீசிங் தவணையை அது திரும்பத் தராது.

எந்த மெசினானாலும் அறுவடைக்குப் பத்து முதல் பதினாலு நாளுக்கு முன்னால் வயல் தண்ணீரை வடியவிட வேண்டும். சேற்றில் பட்டி வழுக்கினால் சில்லு சுற்றும் தூரமும் மெசின் நகரும் தூரமும் ஒன்றாக இருக்காது. அந்த இடைவெளி முழுவதும் டீசல்.

த்ரொட்டில் விஷயத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சின் சுற்றைக் குறைத்து ஓட்டுகிறார்கள். 2022 ஜூனில் டீசல் லீற்றர் 460 ரூபாவைத் தொட்டதையும் அந்த வரிசைகளையும் நினைத்தால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் இந்த மெசினில் உருளை, காற்றாடி, சல்லடை, கத்தி எல்லாமே பெல்ற்களால் எஞ்சினோடு பிணைக்கப்பட்டவை. எஞ்சின் சுற்று நூற்றுக்கு 15 குறைந்தால் அத்தனையும் 15 குறையும். கதிரில் மணி ஒட்டியபடி வெளியே போகும், காற்றுப் போதாமல் பதர் டாங்குக்கு வரும், வைக்கோல் உருளையில் சுற்றி அடைக்கும். அடைப்பை எடுக்க மூடியைத் திறந்து கத்தியால் அறுத்து இழுத்துக்கொண்டு நிற்கும் இருபது நிமிடத்தில் எல்லா மிச்சமும் போய்விடும். (எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்ட பிறகுதான் உள்ளே கை வைக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே கூடாது.) வெட்டும்போது எஞ்சின் அதன் முழுச் சுற்றில் நிற்கட்டும். வயலில் போகும் வேகத்தை எச்எஸ்ரி (எஞ்சின் சுற்றை மாற்றாமல் ஓடும் வேகத்தை மாற்றும் ஹைட்ரோஸ்ரற்றிக் கியர்) லீவரால் மட்டும் கூட்டிக் குறையுங்கள். பாரம் ஏறி எஞ்சின் சத்தம் கனக்கத் தொடங்கினால் அந்த லீவரைத்தான் பின்னால் இழுக்க வேண்டும். த்ரொட்டிலைக் குறைப்பதற்குரிய நேரம் பெட்டிக்காகக் காத்து நிற்கும் நேரம், அதுவும் உள்ளே கிடக்கும் வைக்கோல் முழுக்க வெளியேறிய பிறகு.

டீசலை உண்மையாகக் குறைக்கும் இன்னொரு கைப்பிடி வெட்டும் உயரம். தாளை அடியோடு வெட்டினால் முழு வைக்கோலும் உருளைக்குள் போய் வர வேண்டும். முழங்கால் உயரத்துக்கு விட்டு வெட்டினால் உள்ளே போகும் வைக்கோல் கணிசமாகக் குறையும், அதே வேகத்தில் சிந்தலும் குறையும், எஞ்சினும் இலகுவாக ஓடும். மாட்டுக்கு வைக்கோல் கட்டுகிறவர் தாழ்வாக வெட்டச் சொல்வார், அது அவர் உரிமை. அப்போது வேகத்தைக் குறைத்துத்தான் ஆகவேண்டும் என்பதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. காலையில் பனி காயுமுன் இறங்குவதும் அப்படித்தான், நனைந்த வைக்கோல் உருளையை இறுக்கிப் பிடிக்கும். ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்குவது நல்லது.

மணியின் ஈரம் 20 முதல் 25 சதவீதத்துக்குள் இருக்கும்போது வெட்டுவது சரி. அதைவிடக் காய விட்டால், பயிரைக் கத்திப் பக்கம் சாய்த்துத் தரும் ரீல் தட்டும்போதே கதிர் உதிரும், உருளையில் மணி வெடிக்கும். நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பது 14 சதவீத ஈரம். 22 இல் வெட்டிய 100 கிலோ 14 க்குக் காயும்போது 90.7 கிலோவாகும். அந்த ஒன்பது கிலோ போனது தண்ணீர், சிந்தல் அல்ல. இதை விளங்காமல் மெசின்காரரோடு சண்டை பிடிப்பவர்களும் உண்டு.

சிந்தலை எப்படி அளப்பது? 50 சென்ரிமீற்றர் சதுரமாக ஒரு கம்பிச் சட்டம் வளைத்துக்கொள்ளுங்கள். மெசின் சாதாரண வேகத்தில் நடுவயலில் போய்க்கொண்டிருக்கும்போது நிறுத்தி, மூன்று மீற்றர் பின்னால் எடுக்கச் சொல்லுங்கள். இப்போது மூன்று இடம் கிடைக்கும். முன்னால் வெட்டாத பயிருக்குள் சட்டத்தைப் போட்டு நிலத்தில் கிடக்கும் மணியை எண்ணினால் அது தானாக உதிர்ந்தது. கத்தி வெட்டி வைக்கோல் இன்னும் விழாத துண்டில் எண்ணினால் அதோடு ரீலும் கத்தியும் சிந்தியது சேரும். பின்னால் வைக்கோல் விழுந்த வரியில், வைக்கோலை மெல்ல உதறி எடுத்துவிட்டு எண்ணினால் எல்லாம் சேர்ந்தது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எங்கே கோளாறு என்று தெரியும். ஆயிரம் மணி 25 கிராம் வரும் நெல்லில், 100 புசல் விளைச்சலுக்கு, நூற்றுக்கு ஒன்று என்பது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 200 மணி. உங்கள் சட்டத்துக்குள் 50. ஆனால் 2 மீற்றரில் வெட்டியதை மெசின் 1 மீற்றர் வரியில் கொட்டுவதால், வைக்கோல் வரியில் மெசினுக்குள் இருந்து வந்தது மட்டும் 100 மணி இருந்தால்தான் நூற்றுக்கு ஒன்று. சம்பா போன்ற சிறுமணியில் எண்ணிக்கை இன்னும் கூடும்.

வைக்கோல் வரியில் கிடப்பவற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கதிரோடு ஒட்டிய மணி என்றால் உருளைச் சுற்று போதாது, அல்லது உருளையின் பற்கள் தேய்ந்துவிட்டன. தேய்ந்த பல்லின் முன்பக்கம் நகம் போலச் சாய்ந்து மழுங்கியிருக்கும், பல மெசின்களில் அதைக் கழற்றித் திருப்பி மாட்டலாம். தனி மணிகள், கனமானவை, நிறையக் கிடந்தால் வேகம் கூடிவிட்டது, அல்லது காற்று அதிகம். டாங்குக்குள் ஒரு பதர்கூட இல்லாமல் நெல் பளிச்சென்று இருந்தால் காற்று நல்ல நெல்லையும் ஊதித் தள்ளுகிறதா என்று பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். டாங்கில் உடைந்த அரிசி தெரிந்தால் உருளை மிகை வேகம், அல்லது பயிர் காய்ந்துவிட்டது. வைக்கோல் விழாத துண்டிலேயே மணி கூட இருந்தால் ரீலைப் பாருங்கள். ரீலின் விளிம்பு மெசின் நகரும் வேகத்தை விடக் கொஞ்சமே, ஒன்றே கால் மடங்குக்குள், கூடச் சுற்ற வேண்டும். சாய்ந்த பயிரில் ரீலை முன்னுக்கும் கீழுக்கும் இறக்கி, சாய்ந்த திசைக்கு எதிராக வெட்ட வேண்டும்.

கூலி பேசும் முறையும் இதற்குள் வருகிறது. ஏக்கர் கணக்கில் பேசினால் டீசல் மெசின்காரருடையது, சிந்தும் நெல் வயல்காரருடையது. மெசின்காரருக்கு வேகமாக முடிக்கத்தான் லாபம். மணித்தியாலக் கணக்கில் பேசினால் அது தலைகீழாகும். ஏக்கர் கணக்கோடு, முதல் இரண்டு ஓட்டத்துக்குப் பிறகு சட்டம் போட்டு எண்ணிப் பார்த்து வேகத்தைத் தீர்மானிப்பது என்று இருவரும் பேசிக்கொள்வதே நேர்மையான வழி என்று நினைக்கிறேன். மெசினைக் கொழும்பிலிருந்து நடத்துகிறவர் ட்ரைவருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று மட்டும் கொடுத்தால், சிந்தலுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

டீசல் அளவைக் கேஜை நம்பி எழுத வேண்டாம். காலையில் சமதரையில் வைத்து வாய்வரை நிரப்புங்கள், வேலை முடிய அதே இடத்தில் மறுபடி வாய்வரை நிரப்பி எத்தனை லீற்றர் போனது என்று பாருங்கள். ஏக்கரையும் மணிமானி காட்டும் மணித்தியாலத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். மணித்தியாலத்துக்கான லீற்றர் குறைவாக இருப்பது நல்ல சகுனமாகத் தோன்றும், ஆனால் பெட்டிக்குக் காத்து நின்ற நாளிலும் அது குறைவாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது ஏக்கருக்கான லீற்றர். ஒரே மாதிரி வயலில் அது 7 இலிருந்து 9 க்கு ஏறினால், முதலில் ரேடியேற்றர் வலையில் தூசு அடைத்திருக்கிறதா, எயர் ஃபில்ரர் அடைபட்டுக் கரும்புகை வருகிறதா, பெல்ற் வழுக்குகிறதா, கத்தி மழுங்கி வெட்டாமல் இழுக்கிறதா என்று அந்த ஒழுங்கிலேயே பாருங்கள். ரேடியேற்றர் வலையை வெட்டுக் காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை துடைக்க வேண்டியிருக்கும். மழுங்கிய கத்தியைக் கண்டுபிடிப்பது சுலபம்: அடிக்கட்டையின் நுனி சீவியதுபோல் இல்லாமல் நார் நாராகக் கிழிந்திருக்கும்.

கத்தித் துண்டுகள், அவற்றின் ரிவெற், உருளையை ஓட்டும் பெல்ற் ஒரு சோடி, பெயாரிங் நாலைந்து, டீசல் ஃபில்ரர், எயர் ஃபில்ரர். இவற்றை மார்கழிக்குள் வாங்கி மெசினோடு ஒரு பெட்டியில் அனுப்பிவிடுங்கள். பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய பெல்ற்றின் மேல் அச்சிட்ட இலக்கத்தைப் போனில் படம் பிடித்துக் கொண்டுபோங்கள். அது அழிந்திருந்தால் பெல்ற்றையே எடுத்துக்கொண்டு போங்கள். நீளத்தில் ஓர் அங்குலம் பிசகினாலும் பெல்ற்றை இறுக்கும் கப்பி எட்டாது, தை மாதத்தில் கிளிநொச்சியிலிருந்து அதைத் திருப்பி அனுப்பி மாற்ற இரண்டு நாள் போகும்.